போர்டு என்ன சொல்கிறது?

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு வீணா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கம்பளிப் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜீவனஹள்ளியில் அன்று தண்ணீர் வரும் நாள். போன ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரிக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த லீவு அது. அதைப் போய்ப் போர்வைக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவள் நொந்துகொண்டிருந்தபோது உள்ளே டெலிபோன் அடித்தது.

அம்மா சந்திரம்மா எடுத்தாள். இரண்டு நொடி கேட்டாள். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

“ஏ வீணா, உங்க மொதலாளிடி. இன்னாத்துக்கு இப்படிக் கத்துறாரு? காதே போச்சு.”

வீணா நுரைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

“வீணா! போர்டு செத்துப்போச்சு!” என்றார் ஸ்ரீகண்டன்.

“எந்த போர்டு சார்?”

“எந்த போர்டா? விவேக் நகர் போர்டு! கண் டாக்டர் கிளினிக். பதினொண்ணரைக்குத் திறப்பு விழா. சுவிட்சைப் போட்டா பச்சை லைட் எரியறது. திரையில ஒண்ணும் வரலை. கறுப்பா, அமாவாசை மாதிரி இருக்கு.”

“ஷ்ரேயாஸ் கிட்ட...”

“அவன் குடகுல இருக்கான். கல்யாணம் ஆகி அஞ்சு நாள். எந்த மலை உச்சியில நிக்கறானோ, மொபைல் போகவே இல்லை. சாஃப்ட்வேர்ல மிச்சம் இருக்கற ரெண்டு பேருக்கும் இந்த மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சரி, அந்த போர்டை டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே? கிளம்பி வா.”

கடைசி வாக்கியம் வீணாவுக்குச் சுருக்கென்றது. ஆமாம், அவள்தான் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷமாக அந்த ஃபாக்டரியிலிருந்து வெளியே போன பலகைகளில் பாதிக்கு மேல் அவள் கையெழுத்துதான் இருக்கிறது. அதில் இதுவரை ஒன்றுகூட முகத்தில் கரி பூசியதில்லை.

“போர்வை?” என்றாள் சந்திரம்மா.

“நீயே அலசிடும்மா, பிளீஸ்.”

“நல்ல லீவுடி உனக்கு.”

ஸ்ரீகண்டனின் ஃபாக்டரி பொம்மசந்திராவில் இருந்தது. அவர் அப்பாவும் தாத்தாவும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள். அந்த வம்சத்தில் முதல்முதலாகச் சொந்தத் தொழில் என்று இறங்கியவர் அவர். அங்கே செய்தது இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பச்சைப் பலகை. பிராசஸர், மெமரி எல்லாம் அதிலேயே இருக்கும். ஒரு முழுக் கம்ப்யூட்டரே அந்த ஒற்றைப் பலகையில் அடக்கம். அதைத் தையல் மெஷினுக்கும் பேக்கரி அடுப்புக்கும் மூளையாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த 2003-ஆம் வருஷம்தான் புதிதாக டோக்கன் மெஷினில் கால் வைத்திருந்தார். நோயாளிக்கு நம்பர் போட்ட சீட்டு வரும். டாக்டர் தன் மேஜையில் உள்ள பட்டனை அழுத்தினால் வெளியே திரையில் அடுத்த நம்பர் தெரியும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் குரல் கூப்பிடும். முதல் மெஷின் விவேக் நகர் டாக்டர் அசோகனுக்கு. இது ஓடினால் இன்னும் நாலு ஆஸ்பத்திரி வாங்கக் காத்திருப்பதாக ஸ்ரீகண்டன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீணா புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையைத் திறந்து அடியில் கை விட்டுப் பார்த்தாள். இருந்தது. ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்த அந்தக் கேபிள்.

அந்தக் கேபிளுக்கு ஒரு கதை உண்டு. ஃபாக்டரியில் எந்த போர்டை எடுத்தாலும் அதன் ஓரத்தில் மூன்று பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை எதற்கு என்று டெஸ்ட் பிரிவில் யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை. சாஃப்ட்வேர்க்காரர்கள் மட்டும் அதில் ஒரு கேபிளை மாட்டி, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் சொருகி, எதையோ படித்து முணுமுணுப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கேபிள் ஷ்ரேயாஸின் டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒருநாள் வீணா ஸ்ரீகண்டனிடமே நேராகக் கேட்டாள். “டெஸ்டுக்கும் ஒரு கேபிள் குடுங்க சார். போர்டு ஓடலன்னா ஏன் ஓடலன்னு தெரியும்.”

“உனக்கு எதுக்கும்மா அது? பச்சை லைட் எரியறதா பாரு, போதும். மத்ததை சாஃப்ட்வேர் பாத்துக்கும்” என்றார் அவர்.

வீணா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். பி.இ. இல்லை. ‘மத்தது’ என்பது பி.இ.க்காரர்களுக்கு என்று அவளுக்குப் புரிந்தது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை. எஸ்.பி. ரோட்டில் ஒன்பது பின் கனெக்டர் ஒன்று வாங்கினாள். மூன்றே ஒயர்: ஒன்று போர்டு பேசுவதற்கு, ஒன்று போர்டு கேட்பதற்கு, ஒன்று எர்த். அவளே பற்றவைத்தாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. பேசுகிற ஒயரையும் கேட்கிற ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாத டெஸ்ட் ரூமில், பழைய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் போர்டின் முதல் வரி எழுத்தெழுத்தாக வந்தது. தன் பெயரும் தன் மெமரி எவ்வளவு என்பதும், அவ்வளவுதான். ஆனாலும் அன்று கொண்டுவந்த புளிச்சாதத்தை வீணா மறந்தே போனாள். ஊமை என்று இரண்டு வருஷத்துக்கு மேல் நினைத்திருந்த ஒருத்தர் வாயைத் திறந்து “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டது போல இருந்தது.

அதற்கப்புறம் ஏழு மாதமாக அந்தக் கேபிள் அவள் கைப்பையை விட்டு இறங்கியதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

விவேக் நகர் என்றதும் ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். “இவத்து குருவார மேடம். சர்ச் ஹத்ர பஹள ரஷ்.”

வியாழக்கிழமை, சர்ச் பக்கம் கூட்டம். அது அவளுக்கும் தெரிந்ததுதான். “கொத்து அண்ணா. எஷ்டு ஹத்ர ஆகுத்தோ அஷ்டு ஹத்ர பிடி” என்றாள். முடிந்தவரை பக்கத்தில் விட்டால் போதும்.

அவர் சொன்னது சரிதான். குழந்தை இயேசு கோவிலுக்கு இரண்டு தெரு முன்னாலேயே ஆட்டோ நின்றுவிட்டது. பஸ், மெழுகுவத்தி விற்பவர்கள், பூக்கூடைகள், தலையில் முக்காடு போட்ட பெண்கள், நடுரோட்டில் நின்று யோசிக்கிற ஒரு மாடு. வீணா இறங்கி நடந்தாள். டாக்டர் அசோகன் திறப்பு விழாவுக்கு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கூட்டத்தை நம்பித்தான். கோவிலுக்கு வருகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா?

கிளினிக் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே ஊதுவத்தி வாசனையும் புது பெயிண்ட் வாசனையும் கலந்து அடித்தன. ரிசப்ஷன் மேஜைக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டிய பெட்டிக்கு முன்னால் ஸ்ரீகண்டன் நின்றிருந்தார். பட்டு ஜிப்பாவும் வியர்த்த நெற்றியுமாக, பெட்டியின் தலையில் உள்ளங்கையால் பட் பட்டென்று தட்டிக்கொண்டிருந்தார். பழைய டி.வி.யைத் தட்டுவது போல.

“வந்தியா? பாரு. பச்சை லைட் எரியறதா? திரையில ஏதாவது இருக்கா?” ஒரு தட்டு. “அடாப்டர் மாத்திட்டேன். திரைக்குப் போற ஒயரைக் கழட்டி மாட்டிட்டேன்.” இன்னொரு தட்டு. “போர்டுதான்.”

“தட்டாதீங்க சார், சோல்டர் விட்டுடும்” என்றாள் வீணா.

ரிசப்ஷனில் இருந்த மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வயது இருக்கும். ஜரிகைப் புடவையும் தலை நிறையக் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அந்தப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக் களைத்துப் போயிருந்தாள்.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சுமா” என்றாள். “நானே பன்னெண்டு டோக்கன் போட்டுப் பாத்தேன். காலையில வந்து போட்டா இப்படி. எம்மேல பழி வந்துடும் போல.”

“உங்க மேல வராதுக்கா. வந்தா எம்மேலதான் வரும்.”

டாக்டர் அசோகன் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மெலிந்த மனிதர். கழுத்தில் டை இறுக்கமாக இருந்தது. “எவ்ளோ நேரம் ஆகும்மா? என் மாமனார்தான் சீஃப் கெஸ்ட். ரிப்பன் கட் பண்ணிட்டு முதல் டோக்கனை அவர்தான் எடுக்கணும். இந்த மெஷின் எதுக்கு, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் போதாதான்னு மூணு மாசமா கேட்டுட்டு இருக்கார். இன்னிக்கு இது ஓடலைன்னா நான் ஆயுசுக்கும் கேக்கணும்.”

மணி பத்து இருபது.

“சார், உங்க லேப்டாப் கார்ல இருக்கா?” என்று கேட்டாள் வீணா.

“இருக்கு. எதுக்கு?”

“பின்னாடி ஒன்பது பின் சாக்கெட் இருக்குமே, அது வேணும்.”

ஸ்ரீகண்டன் லேப்டாப்போடு திரும்பி வருவதற்குள் அவள் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டாள். பலகை சுத்தமாக இருந்தது. எதுவும் கருகவில்லை, உப்பவில்லை. ஓரத்தில் அந்த மூன்று பின்கள். கைப்பையிலிருந்து கேபிளை எடுத்து மாட்டினாள். ரப்பர் பேண்டு தெறித்துப் போய்ப் பூஜைத் தட்டில் விழுந்தது.

ஸ்ரீகண்டன் கேபிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “இது ஷ்ரேயாஸோடதா?”

“இல்ல சார். என்னுது. நானே பண்ணது.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் இன்னொரு மலர்க்கொத்து வந்து இறங்கியது, மூடிக்கொண்டார்.

வீணா லேப்டாப்பை மரகதத்தின் மேஜையில் வைத்து, டெர்மினல் புரோகிராமைத் திறந்து, ஃபாக்டரியில் வழக்கமாக வைக்கிற ஸ்பீடை வைத்தாள். மரகதத்திடம், “அக்கா, சுவிட்ச் போடுங்க” என்றாள்.

லேப்டாப் திரையில் எழுத்துகள் வந்தன. ஆனால் எந்த பாஷையிலும் இல்லாத எழுத்துகள். கட்டம், கொக்கி, வால் முளைத்த ‘y’, சிரிக்கிற முகம் ஒன்று.

“பாத்தியா?” என்றார் ஸ்ரீகண்டன். “மூளை குழம்பிப் போச்சு. போர்டுதான்.” கை தன்னையறியாமல் பெட்டியை நோக்கிப் போனது.

“சார், கை!” என்றாள் வீணா. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

இந்தக் கொக்கிகளை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். “போர்டு குழம்பல சார். அது வேகமா பேசுது, நாம மெதுவா கேக்கறோம். அதான் புரியல. நான் டெஸ்ட் பண்ணப்ப இருந்த ஸ்பீடு வேற. அப்புறம் ஷ்ரேயாஸ் தன்னோட புரோகிராமைப் போட்டப்ப மாத்தியிருப்பார்.”

“எவ்வளவு ஸ்பீடு?”

“தெரியாது. ஒவ்வொண்ணா வச்சுப் பாக்கணும்.”

அடுத்த ஸ்பீடு. மரகதம் சுவிட்சை அணைத்துப் போட்டாள். கொக்கிகள். அதற்கடுத்தது. கொக்கிகள், ஆனால் வேறு கொக்கிகள். டாக்டர் பின்னால் வந்து நின்று மூச்சு விட்டார். நாலாவது. திரை முழுக்க ஒரே கேள்விக்குறி. ஸ்ரீகண்டன் முணுமுணுப்பாக ஏதோ சுலோகம் சொல்ல ஆரம்பித்தார். வீணா பட்டியலின் கடைசிக்குப் போனாள். இருப்பதிலேயே வேகமானது.

“போடுங்கக்கா.”

*எழுந்துட்டேன்.*

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். வீணா ஒரு கணம் தன் கண்ணையே நம்பவில்லை. அதன் கீழே அடுத்த வரி ஓடி வந்தது.

*மெமரி பாக்கறேன்... ஜம்முனு இருக்கு.*

வீணாவின் தோள் தானாக இறங்கியது. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதுவே தன் வாயால் சொல்லிவிட்டது. அவள் திரும்பி ஸ்ரீகண்டனைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை.

*குரல் ஃபைல் எண்ணறேன்... தொள்ளாயிரம். எல்லாம் இருக்கு.*
*பிரிண்டர் அண்ணே, இருக்கீங்களா? ...இருக்கார்.*

“அண்ணேவா?” என்றார் டாக்டர். “யாரும்மா எழுதினது இதெல்லாம்?”

“குடகுல இருக்கானே, அவன்தான்” என்றார் ஸ்ரீகண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு.

*பட்டனை யாரோ அமுக்கிட்டே இருக்காங்க. அப்போ சர்வீஸ்காரங்கதான் வந்திருக்கணும். டெஸ்ட் மோடுக்குப் போறேன். திரையை அணைச்சுட்டேன். கட்டளை ப்ளீஸ்.*

வீணா நாற்காலியில் நிமிர்ந்தாள். “சார், இதான்! பட்டன் அமுங்கியே இருக்கு. ஆன் பண்ணும்போது பட்டன் அமுங்கியிருந்தா இது வேற மோடுக்குப் போயிடுது. ரிப்பேருக்கு வச்ச வழி. அதனாலதான் திரை...”

அவள் முடிப்பதற்குள் கடைசியாக ஒரு வரி வந்து நின்றது. அதை டாக்டர்தான் முதலில் படித்தார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, கண் பரிசோதனை அட்டையைப் படிக்கிற நோயாளி போல, சத்தமாக.

“ஸ்ரீ-கண்-டன் சார், இதைப் படிக்கறது நீங்களா... இருக்காது. நீங்க பெட்டியைத் தட்டிட்டு இருப்பீங்க.”

மரகதம் குனிந்து மேஜைக்குக் கீழே இல்லாத எதையோ தேடினாள். அவள் முதுகு மட்டும் குலுங்கியது.

ஸ்ரீகண்டனின் காது மடல் சிவந்துவிட்டது. தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை ஜிப்பா பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

“பட்டன் எங்கே இருக்கு?” என்று கேட்டார், மிகக் கண்ணியமான குரலில்.

“என் ரூம்ல. மேஜை மேல” என்றார் டாக்டர். “ஆனா அதை யாரும் தொடலையே. நான் இன்னும் அந்த நாற்காலியில உக்காரவே இல்லை. பதினொண்ணரைக்குத்தான் உக்காரணும்னு நேரம் குறிச்சிருக்கு.”

எல்லோரும் உள்ளே போனார்கள். டாக்டரின் மேஜையே தெரியவில்லை. அவ்வளவு பரிசுப் பொருள். மலர்க்கொத்துகள், ஸ்வீட் பெட்டிகள், பட்டுத்துணி போர்த்திய ஏதோ ஒரு சிலை, மூன்று சுவர்க் கடிகாரங்கள். வீணா மண்டியிட்டு, சுவரிலிருந்து வருகிற பட்டன் ஒயரைக் கையால் தொட்டுக்கொண்டே மேஜைக் காலை ஒட்டி மேலே ஏறினாள். ஒயர் மேஜை விளிம்பைத் தாண்டி, ஒரு பெரிய பழக்கூடைக்கு அடியில் போய் மறைந்தது. மஞ்சள் கண்ணாடிக் காகிதம் சுற்றிய கூடை. ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. நடுவில் கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு முழு அன்னாசி. ஏழெட்டு கிலோவுக்குக் குறையாது.

“இது யார் வச்சது?” என்றார் ஸ்ரீகண்டன்.

“காலையில ஆள் வந்து குடுத்துட்டுப் போனாங்க” என்றாள் மரகதம். “மேஜையில நடுவுல வைக்கணும்னு சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க. நான்தான் வச்சேன்.”

வீணா கூடையில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். டாக்டரின் மாமனார் பெயர் போட்டிருந்தது.

டாக்டர் அசோகன் அந்த அட்டையை இரண்டு தடவை படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து டைக்குள் அடைபட்டிருந்த சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற வரை வந்தது. “இதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன். ஆனா நெனச்சு நெனச்சு சிரிச்சுக்குவேன்” என்றார்.

கூடையை ஸ்ரீகண்டனும் மரகதமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அடியிலிருந்த சிவப்பு பட்டன் டக்கென்று மேலே எழுந்தது. வீணா வெளியே ஓடி, சுவிட்சை அணைத்துப் போட்டாள். *எழுந்துட்டேன். மெமரி. குரல். பிரிண்டர் அண்ணே.* பிறகு புதிதாக ஒரு வரி: *யாரும் எதையும் அமுக்கலை. கடையைத் திறக்கலாம்.* சுவரில் இருந்த பெரிய திரை கண் விழித்து, சிவப்பு எண்களில் பூஜ்யம் காட்டியது.

மணி பத்து ஐம்பது.

திறப்பு விழா நேரத்துக்கு நடந்தது. மாமனார் ரிப்பனை வெட்டினார். முதல் டோக்கனை எடுத்தார். உள்ளே டாக்டர் பட்டனை அழுத்தியதும், “டோக்கன் எண் ஒன்று, உள்ளே வரவும்” என்று பெட்டி கூப்பிட்டது. மாமனார் புருவத்தை உயர்த்தி, “பரவாயில்லையே, குரல் கணீர்னு இருக்கே” என்றபடி உள்ளே போனார்.

மரகதம் மட்டும் வீணாவை உற்றுப் பார்த்தாள். “ஏம்மா, இது உன் குரல் மாதிரியே...”

“நான்தான்க்கா. மூணு பாஷையும் நான்தான். ஸ்டோர் ரூம்ல வெளிச் சத்தம் விழாம போர்வையைப் போத்திக்கிட்டு நாலு நாள் படிச்சேன்.”

“அடிப் பாவி! இனிமே தினம் நீதான் எங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கப் போறியா?” என்று சொல்லி, ஒரு இலை நிறையக் கேசரியை அவள் கையில் திணித்தாள் மரகதம்.

திரும்பும்போது ஸ்ரீகண்டன் தன் காரில் அவளை வீட்டில் விடுவதாகச் சொன்னார். கூட்டத்தில் கார் ஆமையாக ஊர்ந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றுவிட, அவர் எஞ்ஜினை அணைத்தார்.

“நான் தட்டறேனா?”

வீணா கேசரிப் பொட்டலத்தை மடியில் சரிசெய்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். “தட்டுவீங்க சார்.”

“எப்பவுமா?”

“ஃபாக்டரிலயும் தட்டுவீங்க. போன மாசம் பேக்கரி போர்டைத் தட்டினதுல ஒரு ரிலே கழண்டுடுச்சு. நான் திரும்பப் பத்த வச்சேன்.”

அவர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டார். அதுவும் தட்டுவதுதான் என்று தோன்றியதோ என்னவோ, நிறுத்திவிட்டார்.

“அந்தக் கேபிள் எத்தனை நாளா வச்சிருக்க?”

“ஏழு மாசம்.”

“ஏன் சொல்லலை?”

“கேட்டேன் சார். பச்சை லைட் எரியறதா பாருன்னீங்க.”

லாரி நகர்ந்தது. அவர் எஞ்ஜினைப் போட்டு, கியர் மாற்றி, அடுத்த திருப்பம் வரை ஓட்டினார். அவர் கோபப்படுகிறாரா என்று வீணாவுக்குத் தெரியவில்லை. ஆனால் காலையில் டெலிபோனில் கேட்ட ‘கையெழுத்துப் போட்டது யாரு’ இன்னும் காதில் இருந்தது. இன்று கேட்காவிட்டால் என்றும் கேட்கப் போவதில்லை.

“சார், காலையில நீங்க போர்டு செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. எம்மேல தப்புன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.” கொஞ்சம் கழித்து, “சொல்லியிருக்கக் கூடாது. பாக்காமயே சொல்லிட்டேன்” என்றார். கண் ரோட்டிலேயே இருந்தது. “சரி, ஒண்ணு பண்ணு. டெஸ்ட்ல ஆறு டேபிள் இருக்கு இல்லையா? ஆறுக்கும் இதே மாதிரி கேபிள் பண்ணிக் குடு. கம்ப்யூட்டர் நான் ஏற்பாடு பண்றேன்.”

“பண்றேன் சார். ஆனா கேபிள் மட்டும் போதாது. ரிப்பேருக்குத் திரும்பி வர்ற போர்டை முதல்ல நாங்க பாக்கணும். என்ன சொல்லுதுன்னு படிச்சு எழுதிக் குடுப்போம். அப்புறம்தான் சாஃப்ட்வேருக்குப் போகணும். புரோகிராம் எழுதும்போது என்ன வரி எப்ப வரும்னு எங்களுக்கும் சொல்லணும்.”

“ஷ்ரேயாஸ் சண்டைக்கு வருவான்.”

“வரட்டும் சார்.”

ஸ்ரீகண்டன் முதல் தடவையாகச் சிரித்தார். “வரட்டும். எனக்கும் அவன்கிட்டப் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கு.”

ஷ்ரேயாஸ் அடுத்த திங்கட்கிழமை கையில் ஒரு டப்பா குடகுத் தேனும் முகத்தில் புது மாப்பிள்ளைக் களையுமாக வந்து சேர்ந்தான். அரை மணி நேரம் முதலாளி அறையில் இருந்தான். வெளியே வரும்போது களை இல்லை. தேன் மட்டும் இருந்தது. அதைக் கொண்டுவந்து வீணாவின் மேஜையில் வைத்தான்.

“எல்லா வரியும் இங்கிலீஷ்ல, மரியாதையா, ரெண்டு நாள்ல மாத்தணுமாம்” என்றான். “டெஸ்ட்லேர்ந்து ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணையும் சரி பாக்கணுமாம். அந்த ஒருத்தர் நீங்கதானாம்.”

“சண்டை போடலையா?”

“போட வாயே வரலை. தட்டறதைப் பத்தி நான் எழுதினதை டாக்டர் சத்தமா படிச்சாராமே. நிஜமாவா?”

“எழுத்துக் கூட்டிப் படிச்சார்” என்றாள் வீணா. ஷ்ரேயாஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று மத்தியானம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மொத்தம் நாற்பத்தோரு வரிகள். ‘எழுந்துட்டேன்’ போனது. பிரிண்டர் அண்ணன் போனார். வீணாவுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது, ஆனால் ஒவ்வொரு வரியும் எப்போது வரும், ஏன் வரும் என்று கேட்டுக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஷ்ரேயாஸ் முதலில் முணுமுணுத்தான். பத்தாவது வரிக்கு மேல் அவனே நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டான். இரண்டு இடத்தில் அவள் கேட்ட கேள்வியில் அவனுடைய தப்பே அகப்பட்டது. பட்டன் அமுங்கியிருந்தால் திரையை அணைக்கக் கூடாது, ‘பட்டனைப் பாருங்கள்’ என்று அந்தத் திரையிலேயே காட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோது, அவன், “இது எனக்கு ஏன் தோணலை?” என்றான்.

இருபத்தெட்டாவது வரியில் அவன் மௌஸை வேகமாகக் கீழே உருட்டினான்.

“இருங்க. ஒண்ணை விட்டுட்டீங்க” என்றாள் வீணா.

“அது ஒண்ணுமில்லை. மெமரி கெட்டுப்போயிருந்தா வர்ற வரி. இதுவரைக்கும் எந்த போர்டுலயும் வந்ததே இல்லை.”

“வராட்டியும் பாக்கணும். அதானே எனக்குக் குடுத்த வேலை?”

அவன் மனசில்லாமல் மேலே உருட்டினான். வீணா படித்தாள்.

*மெமரி சரியில்லைன்னு காட்டுது. ஆனா இது வீணா பாஸ் பண்ண போர்டு. அப்படி இருக்காதே. மறுபடியும் ஒரு தடவை பாத்துடறேன்.*

அவள் இரண்டாம் தடவையும் படித்தாள். ஷ்ரேயாஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அறையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மூன்று வருஷத்தில் டெஸ்ட் பிரிவைப் பற்றி சாஃப்ட்வேர்க்காரர்கள் யாரும் அவள் முகத்துக்கு நேரே நல்ல வார்த்தை ஒன்று சொன்னதில்லை. இங்கே ஒருத்தன் யார் கண்ணிலும் படாத இடத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

“இதை இங்கிலீஷ்ல எப்படி மாத்தப் போறீங்க?” என்று கேட்டாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அவன் இங்கிலீஷில் டைப் அடித்தான்: மெமரி கோளாறு.

“அவ்வளவுதானா?”

அவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இன்னொரு வாக்கியம் சேர்த்தான்: மறுபடியும் பார்க்கவும்.

“சரி. இது இருக்கட்டும்” என்று சொல்லி, நோட்டில் இருபத்தெட்டு என்று எண் போட்டு, எதிரில் எழுதிக்கொண்டாள் வீணா. பிறகு தேன் டப்பாவைத் திறக்க ஸ்பூன் இருக்கிறதா என்று கேட்டாள்.